மலைக் கேபினும் மண்பாண்டப் பட்டறையும்: எந்த வகுப்பில் சேரும்?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். பென்சில்வேனியாவின் வேய்ன் கவுண்டியில் ஆறு ஏக்கர் காட்டு நிலத்தோடு ஒரு மரக் கேபின் வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அடுத்த மாதம் குளோசிங், அதாவது பத்திரம் கைமாறும் நாள். கேபின் 2009-ல் கட்டியது. கீழ்த்தளம் 900 சதுர அடி, மேலே 400 சதுர அடியில் லாஃப்ட். கீழே பாதியை மண்பாண்டப் பட்டறை ஆக்கி, வாரக் கடைசியில் ஏழெட்டுப் பேருக்கு வகுப்பு எடுக்கவும், செய்த பொருளை அங்கேயே விற்கவும் எனக்கு ஆசை. போகும்போது நாங்கள் அங்கே தங்குவோம். போகாத நாட்களில் கேபினை ஏர்பிஎன்பியில் விட நினைக்கிறோம். விற்பவர், "இது ரிக்ரியேஷனல் கேபின், பில்டிங் கோடே இதற்குக் கிடையாது" என்கிறார். டவுன்ஷிப் அலுவலகத்தில் "ஆக்குபன்சி வகுப்பு என்ன?" என்று கேட்டு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார்கள். காண்ட்ராக்டரோ, "வீடு என்று எழுதுங்கள், பட்டறையை ஹாபி ரூம் என்று வரைபடத்தில் காட்டிவிடலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரிக்கு வணக்கம். டவுன்ஷிப் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒரு கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்து அதற்குத் தரும் வகைதான் ஆக்குபன்சி வகுப்பு. விற்பவர் சொல்வது அவரைப் பொறுத்தவரை உண்மையாக இருக்கலாம், ஆனால் உங்கள் திட்டத்துக்குப் பொருந்தாது. காண்ட்ராக்டர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். குளோசிங் நெருங்கிவிட்டதால் அவசரமானதை முதலில் சொல்கிறேன்.

பென்சில்வேனியாவின் கட்டட விதித் தொகுப்பான யூனிஃபார்ம் கன்ஸ்ட்ரக்‌ஷன் கோட், சுருக்கமாக யூசிசி, 1999-ஆம் ஆண்டின் 45-ஆம் சட்டத்தில் பிறந்து 2004 ஏப்ரலில் மாநிலம் முழுக்க நடைமுறைக்கு வந்தது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகிறவர்களின் காட்டுக் குடில்களுக்கு இந்தச் சட்டம் ஒரு விலக்கு தருகிறது. விற்பவர் சொல்வது அதைத்தான். ஆனால் அந்த விலக்குக்குரிய இலக்கணம் மிகவும் இறுக்கமானது. கேபின் முதன்மையாகப் பொழுதுபோக்குக்கு மட்டும் பயன்பட வேண்டும். எந்தக் காலத்துக்கும் யாருடைய வசிப்பிடமாகவும் இருக்கக் கூடாது. வணிகத்துக்குப் பயன்படக் கூடாது. உரிமையாளருக்கோ வேறு யாருக்குமோ அது வேலை செய்யும் இடமாக இருக்கக் கூடாது. அடித்தளம் நீங்கலாக இரண்டு மாடிக்கு மேல் போகக் கூடாது. பில்களும் கடிதங்களும் வந்து சேரும் முகவரியாக அது இருக்கக் கூடாது. வரிக் கணக்கிலோ ஓட்டுநர் உரிமத்திலோ வாக்காளர் பட்டியலிலோ யாருடைய இருப்பிடமாகவும் பதிவாகியிருக்கக் கூடாது. இவற்றோடு சமையலிடம், படுக்கும் இடம் இரண்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி, தீயணைப்பான், கார்பன் மோனாக்சைடு கருவி இருக்க வேண்டும். இத்தனைக்கும் உட்பட்டது என்று உரிமையாளர் பிரமாணப் பத்திரம் எழுதி டவுன்ஷிப்பில் கொடுத்திருக்க வேண்டும், அல்லது காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து அதே பொருளில் சான்று வாங்கித் தந்திருக்க வேண்டும்.

உங்கள் திட்டத்தில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. வகுப்பு எடுப்பது வேலை. பானை விற்பது வணிகம். ஏர்பிஎன்பியும் வணிகம். மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொடங்கினாலே விலக்கு போய்விடும். அந்தப் பிரமாணப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுவாரம் இணையத்தில் அறை வாடகை விளம்பரம் கொடுத்தால், பொய்ப் பிரமாணம் செய்ததற்கான ஆதாரத்தை நீங்களே வெளியிட்டதாக ஆகிவிடும்.

இன்னொன்று, இது உங்களுக்குச் சாதகமானது. விலக்குப் பெற்ற கேபினை விற்கும்போது, அது யூசிசியிலிருந்து விலக்குப் பெற்றது, கோடுக்கு இணக்கமாக இல்லாமல் இருக்கலாம், டவுன்ஷிப் ஒழுங்குமுறைக்கு உட்பட்டதல்ல என்ற அறிவிப்பு விற்பனை ஒப்பந்தத்திலும் பத்திரத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் விரும்பினால் விற்பனையையே ரத்து செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். அந்த வாசகம் இருக்கிறதா? டவுன்ஷிப்பில் பழைய பிரமாணப் பத்திரத்தின் நகல் இருக்கிறதா? இரண்டையும் உங்கள் வழக்கறிஞர் குளோசிங்குக்கு முன்னால் பார்த்தாக வேண்டும். வாய்வார்த்தையாக "கோட் கிடையாது" என்று சொன்னது இங்கே செல்லாது.

நான் அதிகம் கவலைப்படுவது 2009-ல் இந்தக் கேபின் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பற்றித்தான். விலக்கில் கட்டியது என்றால் யாரும் அஸ்திவாரக் குழியைப் பார்த்திருக்க மாட்டார்கள், சுவரை மூடுமுன் மின் வயரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் பனிக்காலத்தில் மண் 3 அடிக்கும் கீழே உறையும். அதற்கு மேலே நின்றுவிட்ட அஸ்திவாரம் வருடா வருடம் தூக்கித் தூக்கி இறங்கும். கூரையில் ஏறும் பனிப்பாரத்தை ராஃப்டர்கள் தாங்குமா என்று கணக்குப் போட்டிருக்கிறார்களா என்பதும் தெரியாது. இதைச் சட்டபூர்வமான வீடாக மாற்ற வேண்டுமென்றால் பர்மிட் போட்டு, இதையெல்லாம் இப்போது நிரூபிக்க வேண்டும். வழக்கமான ஹோம் இன்ஸ்பெக்டர் போதாது. ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை அழைத்து, இரண்டு மூலைகளில் தோண்டி அஸ்திவாரத்தின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு தெரிந்த பிறகுதான் விலை சரியா என்று உங்களால் சொல்ல முடியும்.

இப்போது ஆக்குபன்சி வகுப்பு விஷயத்துக்கு வருவோம்.

ஒரு கட்டடத்துக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம் என்று கோட் பார்ப்பதில்லை. உள்ளே என்ன நடக்கிறது, யார் வருகிறார்கள், அவர்கள் விழித்திருக்கிறார்களா தூங்குகிறார்களா, வழி தெரிந்தவர்களா தெரியாதவர்களா என்றுதான் பார்க்கிறது. தீப்பிடித்தால் தூங்குகிறவர் எழுந்திருக்கவே சில நிமிடங்கள் போகும். அந்நிய வீட்டில் முதல் இரவு தூங்குகிறவருக்கு, இருட்டில் படிக்கட்டு எந்தப் பக்கம் என்பதே தெரியாது. அவர் படுத்திருக்கும் தளத்துக்குக் கீழே 1,200 டிகிரி செல்சியஸ் வரை போகும் ஒரு சூளை இருக்கிறது. உங்கள் கேபினில் எனக்கு உறுத்துவது இந்த ஒரு சேர்க்கைதான். மற்றவை எல்லாம் சமாளிக்கக் கூடியவை.

உங்கள் திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் நாலு வகுப்புகள் வருகின்றன. நீங்கள் தங்கும் பகுதி ஆர்-3, அதாவது இரண்டு குடியிருப்புகளுக்கு மேல் இல்லாத வீடு. பானை செய்வதும் சுடுவதும் எஃப்-2. தொழிற்கூடங்களை எரியும் தன்மையை வைத்து எஃப்-1, எஃப்-2 என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மரவேலை எஃப்-1. பீங்கான், மண்பாண்டம், கண்ணாடி எல்லாம் எஃப்-2 பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன, செய்பொருள் எரியாது என்பதால். இந்த வகையில் நீங்கள் தேர்ந்தெடுத்த தொழில் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது. வகுப்பு எடுப்பது பி. பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடக்கும் திறன் பயிற்சியை, வருகிறவர்களின் வயது எதுவானாலும், பி-யில்தான் வைக்கிறார்கள். ஆகவே பத்து வயதுக் குழந்தைகள் வந்தாலும் பள்ளிக்குரிய இ வகுப்பு என்று யாரும் உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. எட்டுப் பேர் கூடுவது கூட்ட அரங்கு வகையான ஏ-விலும் சேராது. 50 பேருக்குக் குறைவாகக் கூடும் இடம் பி-யாகவே கருதப்படும். கடைசியாக, அலமாரி வைத்து விற்பது எம்.

இந்த நாலும் ஒரே கூரைக்குக் கீழே வரும்போதுதான் சிக்கல்.

பென்சில்வேனியாவில் குடியிருப்புக் கட்டடம் என்றால் மூன்று மாடிக்கு மேல் போகாத தனி வீடு, இரட்டை வீடு, தனித்தனி வெளிவழி உள்ள வரிசை வீடு, அவற்றைச் சார்ந்த கொட்டகை, கராஜ் போன்றவை. இவை ரெசிடென்ஷியல் கோடின் கீழ் வரும். இதில் சேராத எதுவும் வணிகக் கட்டுமானம்தான். அதற்கு இன்டர்நேஷனல் பில்டிங் கோட், ஐபிசி. பொதுமக்கள் வந்து கற்கவும் வாங்கவும் செய்யும் பட்டறையை வீட்டுக்குள் வைத்தால் முழுக் கட்டடமும் ரெசிடென்ஷியல் கோடை விட்டு வெளியே வந்துவிடும். அதோடு பல காரியங்கள் மாறும். வரைபடத்தை உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்டோ எஞ்சினியரோ போட்டு முத்திரை வைக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 15 வேலை நாட்களில் வர வேண்டிய பதிலுக்கு 30 வேலை நாள் ஆகலாம். படிக்கட்டே மாறும். இந்த மாநிலத்தில் வீட்டுப் படி 8¼ அங்குல உயரம், 9 அங்குல அகலம் இருந்தால் போதும். பொதுமக்கள் ஏறும் வணிகப் படி 7 அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது, அகலம் 11 அங்குலமாவது வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் வாசலும் கழிப்பறையும் வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு ஸ்பிரிங்க்ளர், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு. தனி வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்பதைப் பென்சில்வேனியா 2011-லேயே சட்டம் போட்டு எடுத்துவிட்டது. ஆனால் ஐபிசியின் 903.2.8-ஆம் பிரிவின்படி, ஆர் வகுப்பு, அதாவது குடியிருப்பு, உள்ள கட்டடம் முழுவதற்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும். மாநிலம் இந்தப் புத்தகத்தைத் தன் திருத்தங்களோடுதான் ஏற்கிறது. ஆகவே உங்கள் விண்ணப்பத் தேதியில் இந்தப் பிரிவு எந்த வடிவில் அமலில் இருக்கிறது என்று கோட் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இந்தக் கலப்புப் பயன்பாட்டுக்கென்றே கோடில் ஒரு வழி இருக்கிறது, லிவ்-வொர்க் யூனிட் என்று. 2018 பதிப்பில் 419-ஆம் பிரிவு, 2021 பதிப்பில் 508.5. மொத்தம் 3,000 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். தொழில் பகுதி பாதிக்கு மேல் போகக் கூடாது, முதன்மைத் தளத்தில் மட்டுமே இருக்க வேண்டும். வேலையாட்கள் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. தொழிலை அங்கே குடியிருப்பவரே நடத்த வேண்டும். உங்கள் கேபின் மொத்தம் 1,300 சதுர அடி, பட்டறை 450. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. எல்லா அளவும் சரியாகப் பொருந்துகிறது. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே தீ தாங்கும் சுவரும் வேண்டாம் என்கிறது கோட். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்தச் சுவரை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக அது கேட்பது ஸ்பிரிங்க்ளரைத்தான். அதோடு கட்டடம் முழுவதும் ஆர்-2, அதாவது அபார்ட்மென்ட் வகுப்பு, என்று வகைப்படும்.

நகரத்தில் குழாய்த் தண்ணீர் இருந்தால் பரவாயில்லை. உங்களுக்கோ ஆழ்துளைக் கிணறு. தனி வீட்டுக்கான ஸ்பிரிங்க்ளர் முறையில் இரண்டு தெளிப்புத் தலைகள் 10 நிமிடம் தண்ணீர் விட வேண்டும். தலைக்கு நிமிடத்துக்கு 13 கேலன் என்று வைத்தால் 260 கேலன் தொட்டி போதும், கீழ்த்தளத்தில் ஒரு மூலையில் வைத்துவிடலாம். ஆர்-2 என்றானால் 13-ஆர் என்ற அடுத்த முறை. நாலு தலைகள், 30 நிமிடம், ஆகவே 1,560 கேலன். அதற்குப் பம்பு, ஆள் இல்லாத ஜனவரியில் குழாய் உறையாமல் இருக்க வெப்பம், பம்பு ஓட நம்பகமான மின்சாரம். வாரக் கடைசியில் மட்டும் போய் வருகிற ஒரு காட்டுக் கேபினுக்கு இது நியாயமான சுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்பிரிங்க்ளரைத் தவிர்க்கும் நோக்கத்தோடு "நடுவில் கனமான சுவர் வைத்துவிடுகிறேன்" என்று சிலர் வருகிறார்கள். ஐபிசியின் 508.4 அட்டவணையில் ஆர்-க்கும் எம், பி போன்றவற்றுக்கும் நடுவே ஸ்பிரிங்க்ளர் இல்லாவிட்டால் 2 மணி நேரம் தீ தாங்கும் பிரிப்பு வேண்டும் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு வரும் யோசனை அது. உங்கள் கேபினில் தீ தாங்க வேண்டியது நடுச் சுவர் மட்டும் அல்ல, லாஃப்டின் தரையும்தான். அந்தத் தரையைத் தாங்கும் உத்தரமும் தூணும் அதே 2 மணி நேரம் நிற்க வேண்டும். கீழிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும் அந்த மர உத்தரங்களை எல்லாம் ஜிப்சம் பலகையால் மூட வேண்டிவரும். அத்தனையும் செய்த பிறகும் கட்டடத்தில் ஆர் இருக்கும்வரை 903.2.8 அப்படியே நிற்கும்.

ஆகவே என் ஆலோசனை இது: கேபின் கேபினாகவே, சுத்தமான வீடாக இருக்கட்டும். பட்டறையைத் தனிக் கட்டடமாக வெளியே கட்டுங்கள். உங்களிடம் ஆறு ஏக்கர் இருக்கிறது. நகரத்தில் யாருக்கும் கிடைக்காத வசதி அது.

24-க்கு 24 அடி, 576 சதுர அடி. தரையோடு தரையாக ஒரே தளம், கான்கிரீட் தரை, மரச் சட்டச் சுவர். அங்கே யாரும் தூங்கப்போவதில்லை, ஆகவே ஆர் இல்லை. வகுப்பு, சூளை, விற்பனை மூன்றையும் பிரிவில்லாத கலப்பு என்ற முறையில் வைத்துக்கொண்டால் உள்ளே தீத்தடுப்புச் சுவரே வேண்டாம். மூன்றில் கடுமையான விதி எதுவோ அதை முழுக் கட்டடமும் கடைப்பிடித்தால் போதும். கடுமையானது எம். அதற்கும் ஸ்பிரிங்க்ளர் 12,000 சதுர அடியைத் தாண்டினால்தான். 49 பேர் வரை வெளியே போக ஒரு வாசல் போதும் என்றாலும், சூளைக்கு எதிர்ப்பக்கம் இரண்டாவது கதவு ஒன்று வையுங்கள். கோட் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே 20 அடிக்கு மேல் விட்டால், நடுவில் ஒரு கற்பனைக் கோடு போட்டு இரண்டு பக்கமும் 10 அடி வைத்ததாகிவிடும். வெளிச்சுவருக்குத் தீத்தாங்கு தரம் தேவைப்படாது.

விற்பனையைச் சின்னதாக வைத்துக்கொண்டால் இன்னும் இலகு. தளத்தின் பரப்பில் 10 சதவீதத்துக்கு மேல் போகாத பயன்பாட்டைத் துணைப் பயன்பாடாகக் கொள்ளலாம். 576-ல் அது 57 சதுர அடி, ஒரு சுவர் நீளத்துக்கு அலமாரியும் அதன் முன்னே ஆள் நிற்க இடமும். வகுப்புக்கு வந்தவர்கள் போகும்போது வாங்கிப்போக அது போதும்.

இதுவும் வணிகக் கட்டடம்தான், ஆர்க்கிடெக்ட் முத்திரையும் சக்கர நாற்காலி வசதியும் இதற்கும் வேண்டும். ஆனால் புதிதாகச் சமதளத்தில் கட்டும்போது இவை பெரிய செலவு ஆவதில்லை. 32 அங்குலம் தெளிவாகத் திறக்கும் கதவு, நாற்காலி திரும்ப இடமுள்ள ஒரு கழிப்பறை, வாசலுக்குப் பக்கத்தில் வேன் நிற்கும் அகலத்தில் ஒரு பார்க்கிங் இடம், அங்கிருந்து வாசல்வரை 12-க்கு 1-க்கு மேல் சரியாத கெட்டியான பாதை. பழைய கேபினில் இதே வேலையை உடைத்துச் செய்தால் எத்தனை மடங்கு ஆகும் என்று உங்கள் காண்ட்ராக்டரையே கேட்டுப் பாருங்கள்.

சூளையைப் பற்றி ஒரு வார்த்தை. நடுத்தர அளவு மின்சூளை 240 வோல்ட்டில் 48 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 60 ஆம்ப் பிரேக்கர். பல மணி நேரம் தொடர்ந்து ஓடும் சுமை. கேபினின் பழைய பேனலில் இருந்து இதை இழுக்காதீர்கள். பட்டறைக்குத் தனி ஃபீடர், அதாவது தனி மின்வழி, போடுங்கள். சூளையைச் சுற்றி தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியை அப்படியே விடுங்கள், வெளியே இழுக்கும் காற்றுவழி வையுங்கள். களிமண் குழம்பை செப்டிக்குக்குப் போகும் தொட்டியில் கழுவாதீர்கள். செப்டிக் நீர் மண்ணில் இறங்கும் வடிகால் பகுதி சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். களிமண் படியும் பொறி வைத்த தனித் தொட்டி வேண்டும். செப்டிக்கே தனிக் கதை. யூசிசியில் விலக்கு இருந்தாலும் கழிவுநீர்ச் சட்டத்தில், 1966-ஆம் ஆண்டின் 537-ஆம் சட்டத்தில், விலக்கு இல்லை. பட்டறையில் கழிப்பறை சேர்ந்தால் டவுன்ஷிப்பின் கழிவுநீர் அதிகாரியிடம் போயே ஆக வேண்டும்.

பக்கத்துப் பண்ணைக்காரர் யாராவது "பார்ன் என்று சொல்லிக் கட்டிவிடுங்கள், பர்மிட் வேண்டாம்" என்பார். விவசாயக் கட்டடத்துக்கு விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் பொதுமக்கள் வந்து போகும் இடத்துக்கு அது செல்லாது என்று அந்த இலக்கணத்திலேயே எழுதியிருக்கிறது.

இத்தனை செலவு இப்போது முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கேபினை முதலில் சட்டபூர்வமான வீடாக்கிக் குடிபோகும்போது, உள்ளே நீங்கள் மட்டும் பானை செய்து இணையத்தில் விற்கலாம். மாநிலத்தின் முனிசிபாலிட்டி திட்டமிடல் சட்டம் இதைத் தாக்கம் இல்லாத வீட்டுத் தொழில் என்று சொல்லி, குடியிருப்பு மண்டலங்களில் உரிமையாகவே அனுமதிக்கிறது. நிபந்தனைகள்: அங்கே குடியிருக்கும் குடும்பத்தார் தவிர வேறு வேலையாள் இல்லை, கடை போலப் பொருளைப் பரப்பி விற்பதில்லை, வாடிக்கையாளர் வண்டிகள் வந்து போவது ஒரு சாதாரண வீட்டுக்கு மேல் இல்லை, தொழில் பகுதி வசிக்கும் பரப்பில் 25 சதவீதத்துக்குள். உங்கள் கேபினில் 325 சதுர அடி. வகுப்பும் கடையும் இல்லை, ஆனால் சக்கரம் சுற்றும். முதல் இரண்டு வருடத்துக்கு நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம். இந்த வழியில் போனாலும் சூளையை வெளியே ஒரு சிறு கொட்டகையில் வையுங்கள்.

அடுத்து ஏர்பிஎன்பி. இங்கே பில்டிங் கோடை விட மண்டல விதி, அதாவது ஜோனிங், முந்திக்கொள்கிறது. வேய்ன் கவுண்டிக்குத் தெற்கே மன்ரோ கவுண்டியில் ஹாமில்டன் டவுன்ஷிப் ஒரு வழக்கைப் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. ஸ்லைஸ் ஆஃப் லைஃப் என்ற நிறுவனம் ஒரு வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு மட்டுமே விட்டுவந்தது. மண்டல விதியில் ஒற்றைக் குடும்ப வீடு என்பதற்கு ஒரே குடித்தனம் என்று பொருள் சொல்லியிருந்தார்கள். வாராவாரம் மாறுகிற விருந்தினர்கள் ஒரே குடித்தனம் ஆக மாட்டார்கள் என்று 2019 ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்பளித்து டவுன்ஷிப் பக்கம் நின்றது. உங்கள் டவுன்ஷிப்பின் விதியிலும் அந்த வாசகம் இருக்கிறதா, குறுகிய கால வாடகைக்குத் தனி ஆணை போட்டிருக்கிறார்களா என்று ஜோனிங் அதிகாரியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். "பக்கத்தில் எல்லாரும் விடுகிறார்கள்" என்பது பதில் ஆகாது.

கோட் பக்கம் பார்த்தால், 30 நாளுக்கு மேற்படாமல் தங்குகிறவர்களைத் தற்காலிகமாகத் தங்குபவர் என்று கருதுகிறார்கள். அவர்களுக்கென்றே இருக்கும் கட்டடம் ஆர்-1, ஹோட்டல் வகுப்பு. உரிமையாளர் அங்கேயே குடியிருந்து, ஐந்து அறைக்கும் மொத்தம் 10 பேருக்கும் மேல் போகாமல் விருந்தினரை வைத்துக்கொண்டால் அது லாட்ஜிங் ஹவுஸ், ஆர்-3-லேயே நிற்கும். நீங்கள் இல்லாத நாட்களில் முழுக் கேபினையும் விடுவது இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது, அதிகாரிக்கு அதிகாரி வேறு மாதிரி படிக்கிறார்கள். அதனால்தான் இதிலும் எழுத்தில் பதில் வேண்டும் என்கிறேன்.

எந்த வகுப்பு என்று முடிவானாலும் லாஃப்டில் யாரையும் படுக்க வைக்குமுன் அங்கே தப்பிக்கும் ஜன்னல் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். திறந்த நிலையில் 5.7 சதுர அடி தெளிவான வழி, உயரம் 24 அங்குலத்துக்கும் அகலம் 20 அங்குலத்துக்கும் குறையக் கூடாது, கீழ்விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கேபின் லாஃப்டுகளில் முகப்பு முக்கோணத்தில் திறக்காத கண்ணாடி வைத்திருப்பார்கள். வெளிச்சம் வரும், ஆள் வெளியே வர முடியாது. விறகு அடுப்பிலிருந்து எழும் புகை முதலில் சேர்வதும் அந்த லாஃப்டில்தான். ஏணிதான் இருக்கிறது, ஜன்னல் திறக்காது என்றால் அங்கே விருந்தினரை மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளையும் படுக்க வைக்காதீர்கள்.

காண்ட்ராக்டரின் ஹாபி ரூமுக்கு வருகிறேன். வரைபடத்தில் ஒரு பெயர் எழுதி நடப்பில் வேறு நடத்தினால், ஆக்குபன்சி சான்றிதழ் உங்களைக் காப்பாற்றாது. அதில் எழுதிய பயன்பாட்டுக்கு மட்டுமே அது சான்று. வகுப்புக்கு வந்த ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டாலோ, வாடகைக்கு வந்த குடும்பம் இரவில் புகையில் மாட்டிக்கொண்டாலோ, காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் காகிதம் அதுதான். அறிவிக்காத தொழிலுக்கு வீட்டுக் காப்பீடு பொறுப்பேற்காது. அன்று காண்ட்ராக்டர் உங்கள் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

யாரிடம் போவது என்பதையும் வகுப்புதான் தீர்மானிக்கிறது. பென்சில்வேனியாவில் பெரும்பாலான டவுன்ஷிப்புகள் யூசிசியைத் தாங்களே நடத்துகின்றன. விலகிக்கொண்ட டவுன்ஷிப் என்றால், வீட்டு வேலைக்கு நீங்களே சான்று பெற்ற தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்றை அமர்த்த வேண்டும். வணிகக் கட்டடத்துக்கு மாநிலத்தின் லேபர் அண்ட் இண்டஸ்ட்ரி துறையிடம் போக வேண்டும். வீடும் பட்டறையும் தனித்தனி என்றால் இரண்டு விண்ணப்பங்கள் இரண்டு இடங்களுக்குப் போகலாம், அதில் தவறில்லை.

இந்த வாரம் இதைச் செய்யுங்கள். ஒரே ஒரு பக்கத்தில் உங்கள் திட்டத்தை ஒளிக்காமல் எழுதுங்கள்: கேபினில் யார் எத்தனை நாள் தூங்குவார்கள், பட்டறைக்கு ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் வருவார்கள், என்ன சூளை, விற்பனைக்கு எத்தனை சதுர அடி, வாடகைக்கு விடும்போது நீங்கள் அங்கே இருப்பீர்களா. நிலத்தின் கையால் வரைந்த படம் ஒன்றை இணைத்து, ஜோனிங் அதிகாரிக்கும் கோட் அதிகாரிக்கும் தனித்தனியாக அனுப்பி எழுத்தில் பதில் கேளுங்கள். குளோசிங்குக்குள் பதில் வராது என்று தோன்றினால், அந்தப் பதில்களும் அஸ்திவாரம் பற்றிய எஞ்சினியர் அறிக்கையும் கைக்கு வரும்வரை தேதியைத் தள்ளிவைக்கும் திருத்தத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்தக் கேபினை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.